மாட்டுக் கழுத்திலிருந்து தொடங்கிய வீடு



காவலுக்குப் படுக்க, களத்துமேட்டில் தங்க, நிலத்துக்கு நிலம் நகர்த்திக்கொண்டு போக ஒரு கூண்டு வண்டி வீடு செய்து வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு செலவாச்சு?" என்றுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், இது எனக்கு இரண்டாவது வண்டி என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் வண்டியில் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பணம் போட்டு, ஒரு மாட்டின் கழுத்தைப் புண்ணாக்கி, ஊர் சிரிக்க நின்றேன். அந்தத் தவறு உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இந்த வண்டி

நான் வங்கியில் வேலை பார்த்து 2017-ல் ஓய்வு பெற்றவன். சிவகங்கை மாவட்டத்தில் சொந்த ஊர். நிலம் மூன்று இடத்தில் கிடக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் கிணற்றுத் தோட்டம் 4 ஏக்கர். கண்மாய்க்குக் கீழே குத்தகைக்கு எடுத்த நஞ்சை 3 ஏக்கர். ஊருக்கு மேற்கே செம்மண் புஞ்சை 2 ஏக்கர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர். கடலையும் நெல்லும் விளைகிற சமயத்தில் காட்டுப்பன்றி வந்துவிடும். ஆள் படுத்தால்தான் பயிர் மிஞ்சும். சிலர் கம்பியில் கரண்ட் விடுகிறார்கள். அது கொலைக்குச் சமம். பன்றியோடு மாடும் சாகும், பக்கத்துக் காட்டுக்காரரும் சாவார். அதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

என்னோடு கூடப் பாடுபடுகிறவர் ஊர் முறையில் எனக்குச் சித்தப்பா. எழுபது வயது. 2018 புரட்டாசியில் புஞ்சையில் கடலைக் காவலுக்குப் படுத்திருந்தார். கீற்றுக் கொட்டகை, மண் தரை, ஒரு கோரைப்பாய். விடியற்காலம் எழுந்தவருக்கு வயிற்றைப் பிசைகிற வலி. இரவு சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கண் இமையைத் தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறியது. அதற்குள் நான் பால் கறந்துவிட்டு அங்கே போனேன். கட்டுவிரியன். கடித்த இடமே தெரியவில்லை, வீக்கமும் இல்லை. அரசு மருத்துவமனையில் விஷமுறிவு ஊசி போட்டு, மூன்று நாள் செயற்கைச் சுவாசத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

கட்டுவிரியன் இரவில் நடமாடுகிற பாம்பு. எலியையும் மற்றப் பாம்புகளையும் தேடி வரும்போது தரையில் படுத்திருப்பவர் பாயில் ஏறிவிடுகிறது. தூக்கத்தில் புரண்டால் கடித்துவிடும். வலி பெரிதாக இருக்காது என்பதால் கடிபட்டவருக்கே தெரியாது. தரையிலிருந்து உயரத்தில் கட்டில், அதைச் சுற்றிக் கொசுவலை, வலையின் ஓரம் பாய்க்கு அடியில் சொருகியிருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். சித்தப்பா படுக்கையை மண்ணிலிருந்து தூக்கியே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பரண் போடலாமே என்பீர்கள். போட்டோம். மூன்று நிலத்துக்கு மூன்று பரண். கரையான் அடுத்த வருஷமே இரண்டைத் தின்றுவிட்டது. குத்தகை நிலத்தில் குழி தோண்டிக் கால் நடுவதை நிலத்துக்காரர் விரும்பவில்லை, அவரையும் குறை சொல்ல முடியாது. அப்போதுதான் சக்கரம் வைத்த வீடு என்ற யோசனை வந்தது.

முதல் வண்டி: படத்தைப் பார்த்துக் கட்டியது

இந்த யோசனை புதிது இல்லை. இங்கிலாந்தில் ஆடு குட்டி போடும் காலத்தில் மேய்ப்பர்கள் இரும்புச் சக்கரம் வைத்த மரக் குடிசையை மலைச்சரிவுக்கு இழுத்துப் போய் அங்கேயே தங்கினார்கள். அந்த நாட்டு ரோமானி மக்கள் 19-ஆம் நூற்றாண்டில் குதிரை இழுக்கும் வண்டியையே வீடாக்கினார்கள். அதற்கு வார்டோ என்று பெயர். அமெரிக்காவில் வயோமிங் பகுதி ஆட்டுக்காரர்களும் துணிக்கூரை போட்ட வண்டியில் மாதக்கணக்கில் இருந்தார்கள். பின்பக்கம் குறுக்கே கட்டில், கட்டிலுக்கு அடியில் பெட்டி, வாசல் பக்கம் அடுப்பு. ஒரு அங்குலம் வீணாகாது.

இந்தப் படங்களைச் சேர்த்து வைத்து 2019-ல் பட்டறையில் கொடுத்தேன். இரும்புச் சேனல் சட்டம், முக்கால் அங்குல ஒட்டுப்பலகைச் சுவர், தகரக் கூரை, பின்னால் குறுக்கே தேக்குக் கட்டில், அடியில் இரும்புப் பெட்டி, முன்னால் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. டயர் வண்டி அச்சில் ஏற்றினோம். 1,42,000 ரூபாய்.

தார் ரோட்டில் அழகாக ஓடியது. எங்கள் ஜோடி புலிக்குளம் மாடுகள், சலங்கை கட்டி இழுத்து வந்தன. ஊர்க்காரர்கள் போட்டோ எடுத்தார்கள்.

கார்த்திகையில் ஒரு மழை பெய்து ஓய்ந்த மூன்றாம் நாள், நஞ்சைக்குள் இறக்கினோம். வரப்பைத் தாண்டி இருபது அடி போயிருக்கும். சக்கரம் இறங்கியது. மாடு இரண்டும் தம் பிடித்தன. இடப்பக்கத்து மாடு முன்னங்கால் மடங்கி மண்டியிட்டது. நுகத்தடி அழுத்திக் கழுத்துத் தோல் வழன்று இரத்தம் வந்துவிட்டது. சித்தப்பா பூட்டாங்கயிற்றை அறுத்து மாட்டை விடுவித்தார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"என்னையப் பாம்பு கடிச்சிரக் கூடாதுன்னு வண்டி செஞ்சீக தம்பி, சரி. இந்த வாயில்லாச் சீவனுக்கு யாரு செய்வா?"

பதில் சொல்ல முடியவில்லை. டிராக்டர் வைத்து வண்டியை வெளியே இழுத்தோம். அப்படியே எடைமேடைக்குக் கொண்டுபோனேன். 940 கிலோ.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. 1980-களில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் டயர் வண்டிக்கு எத்தனையோ கடன் மனுக்களில் கையெழுத்துப் போட்டவன் நான். பெங்களூர் ஐ.ஐ.எம். நிறுவனத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி அந்தக் காலத்தில் மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும், மாடு படும் துன்பத்தைக் குறைக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிவந்தார். எங்கள் வங்கி வட்டாரத்திலும் அவர் பெயர் அடிபடும். நான் மனுவில் வண்டி விலை பார்த்தேன், மாட்டு விலை பார்த்தேன், ஜாமீன் பார்த்தேன். வண்டி எத்தனை கிலோ என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ரோட்டில் ஓடியது வயலில் ஏன் நின்றது

புண் ஆறும் வரை மாட்டைப் பூட்டவில்லை. அந்த ஒன்றரை மாதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எளிதுதான், நீங்களும் போடலாம்.

மாடு நாள் முழுக்கக் களைக்காமல் இழுக்கக் கூடிய விசை அதன் உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. எங்கள் ஜோடி இரண்டும் சேர்ந்து 700 கிலோ இருக்கும். அப்படியானால் 70 கிலோ விசை. பள்ளத்தில் கொஞ்ச நேரம் இதைவிடக் கூடுதலாக இழுக்கும். ஆனால் அதை நம்பி வண்டி செய்யக் கூடாது.

அடுத்தது, வண்டி எவ்வளவு விசை கேட்கிறது என்பது. காற்று அடித்த டயர் தார் ரோட்டில் உருள மொத்த எடையில் நூற்றுக்கு 3 பங்கு விசை இருந்தால் போதும். உழுத மண்ணில், ஈர மண்ணில் அது 15 பங்கு, இன்னும் மேலேகூடப் போகும்.

என் முதல் வண்டி 940 கிலோ. ரோட்டில் 28 கிலோ விசை, மாட்டுக்கு அது விளையாட்டு. வயலில் 141 கிலோ விசை, ஜோடியின் சக்தியைப் போல இரண்டு மடங்கு. ரோட்டில் ஓட்டிப் பார்த்து வண்டி நன்றாக இருக்கிறது என்று நினைத்தேனே, அதுதான் நான் ஏமாந்த இடம்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் வண்டியின் எடை கிடைத்துவிடும். 70 கிலோ விசையை 0.15-ஆல் வகுத்தால் 466. அதாவது சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து 466 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் மாடு காங்கேயம் மாதிரிப் பெரிய இனமாக இருந்தால் கொஞ்சம் கூடும். நாட்டுக்குட்டை மாடாக இருந்தால் குறையும். முதலில் மாட்டின் எடையை எழுதுங்கள், அப்புறம் வண்டிக்கு மரம் வாங்கப் போங்கள்.

இந்தப் பாடம் வருஷா வருஷம் என் வயலுக்கே வந்து போயிருக்கிறது. அறுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை போட வரும் கீதாரிகள் பனையோலைக் கூடாப்பு வைத்திருப்பார்கள். கிடை மாறும்போது அதையும் தூக்கி அடுத்த வயலில் வைத்துக்கொள்வார்கள். ஆள் தூக்குகிற எடையில் ஒரு வீடு. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பாரம், பின்பாரம்

எடை பாதிக் கணக்குத்தான். மீதிப் பாதியை எனக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்து ஊர் வண்டி ஆசாரி. மரச்சக்கரத்துக்குக் குடம் கடைந்து, ஆரக்கால் இறக்கி, வட்டை பூட்டி, பட்டா போட்ட குடும்பம். இப்போது அந்த வேலை இல்லாமல் கதவு, ஜன்னல் செய்கிறார். என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சார், அந்த வெள்ளக்காரன் வண்டிக்கு நாலு சக்கரம். கட்டிலப் பின்னால போட்டாலும் அது தாங்கும். நம்ம வண்டிக்கு ரெண்டு. இது தராசு சார். இருசுதான் முள்ளு."

அவ்வளவுதான் விஷயம். இரண்டு சக்கர வண்டியில் அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் நுகத்தடி மாட்டுக் கழுத்தை அழுத்தும். அச்சுக்குப் பின்னால் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். என் முதல் வண்டியில் பின்னால் கட்டில், முன்னால் தண்ணீர்த் தொட்டி. தொட்டி நிறைந்திருந்தால் முன்பாரம், தண்ணீர் செலவானால் பின்பாரம். தொட்டி அச்சுக்கு மூன்றரை அடி முன்னால் இருந்தது. அச்சிலிருந்து நுகத்தடி பத்தடி. 100 கிலோவை மூன்றரையால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 35. காலைக்கும் மாலைக்கும் நுகத்தில் 35 கிலோ மாறியிருக்கிறது. மாடு சொல்லவா முடியும்?

ஆசாரி சொன்ன விதிகள் இவை:

1. கனமான சாமான் எல்லாம் அச்சுக்கு நேர் மேலே. எடை மாறுகிற சாமான், அதாவது தண்ணீர், தானியம், கண்டிப்பாக அச்சுக்கு மேலேதான்.
2. சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு நுகத்தடியில் கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும். நுகத்தின் நடுவில் தொங்கு தராசை மாட்டித் தூக்கிப் பாருங்கள். எங்களுக்கு 15 கிலோ காட்டுகிறது. ஒரு ஆள் ஒரு கையால் தூக்கலாம்.
3. மாடு பூட்டியிருக்கும்போது பின்பக்கமாக யாரும் ஏறக்கூடாது. 70 கிலோ ஆள் அச்சுக்கு நாலடி பின்னால் உட்கார்ந்தால் நுகத்தில் 28 கிலோ மேல்நோக்கி வரும். நம்மிடம் இருக்கும் முன்பாரம் 15. மீதி 13 கிலோ மாட்டின் தொண்டையில்.

மரமும் மூங்கிலும்

ஏர்க்காலும் தளத்துச் சட்டங்களும் நாட்டுக் கருவேலம். அடிபட்டாலும் சட்டென்று முறியாது. எங்கள் பக்கம் கிடைக்கிற மரம். தளத்துக்கு முக்கால் அங்குல மாம்பலகை. பலகைக்குப் பலகை நூல் இடைவெளி விட்டால் தண்ணீர் தேங்காது.

சக்கரத்துக்கு மரச்சக்கரமா டயரா என்று நிறைய யோசித்தேன். மரச்சக்கரம் உயரம், வரப்பு ஏறும். ஆனால் இரும்புப் பட்டா குறுகலானது, ஈர மண்ணில் கத்தி மாதிரி இறங்கும். ஆகவே பழைய டயர் வண்டியின் பேரிங் வைத்த அச்சையே வாங்கினேன். சீமைக் கருவேல முள்ளுக்குப் பஞ்சர் ஆகிறது. ஒட்டுப்போடும் சாமானும் கைப்பம்பும் எப்போதும் வண்டியில் இருக்கும்.

கூண்டுக்குக் கல்மூங்கில். மூன்று வயதுக்கு மேல் முற்றிய கழியாகப் பாருங்கள். இளங்கழி சுருங்கும், பூச்சி அடிக்கும். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் உளுப்பூச்சி வருகிறது. வெட்டிய கழியை ஒரு மாதம் தண்ணீரில் அமுக்கி ஊறப்போட்டால் அந்தச் சத்துக் கரைந்துவிடும். எடுத்து நிழலில் நிறுத்திக் காய வையுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். ஊறல் தண்ணீர் நாற்றமடிக்கும், கவலைப்படாதீர்கள்.

மரத்துக்கு வார்னிஷ் அடிக்கவில்லை. மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அடிச்சட்டங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய், மற்ற இடத்துக்கு வேப்பெண்ணெய். முந்திரிக்கொட்டை எண்ணெய் தோலில் பட்டால் வெந்துபோகும். கையுறை போடாமல் தொடாதீர்கள்.

கூண்டு கட்டும் முறை

தளம் 9 அடி நீளம், 4½ அடி அகலம். இரு பக்கமும் முளைக்குச்சி நட்டு ஒன்றரை அடி உயரத்துக்குத் தட்டி. அதற்கு மேல் ஏழு மூங்கில் வில், ஒன்றரை அடிக்கு ஒன்று. ஒவ்வொரு வில்லும் 12 அடி நீளப் பிளாச்சு. தணலில் வாட்டிக்கொண்டே மெதுவாக வளைத்து, முனைகளைக் கயிற்றால் கட்டி இரண்டு நாள் அப்படியே வைத்தால் வளைவு நிற்கும். வில்லின் குறுக்கே நீளவாட்டில் ஒன்பது மெல்லிய பிளாச்சு வைத்துக் கட்டினோம். ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை, எல்லாம் கயிற்றுக் கட்டு. வரப்பு ஏறும்போது கூண்டு நெளிந்து கொடுக்கும். ஆணி அடித்திருந்தால் மூங்கில் பிளந்திருக்கும்.

கூரை மூன்று அடுக்கு. உள்ளே மூங்கில் பாய். நடுவில் தார்ப்பாய். மேலே பனையோலை. தார்ப்பாய் மழைக்கு, ஓலை வெயிலுக்கு. ஓலை இல்லாவிட்டால் தார்ப்பாய் ஒரே கோடையில் இற்றுப்போகும், உள்ளேயும் வேகும். ஓலையை மூன்றாவது வருஷம் மாற்றினோம்.

நடுவில் உயரம் 5 அடி. நிமிர்ந்து நிற்க முடியாது என்று என் வீட்டம்மாவுக்குக் குறை. ஆனால் ஆடிக் காற்றில் உயரக் கூண்டு பாய்மரம் ஆகிவிடும். உட்காரவும் படுக்கவும்தானே வீடு, நிற்க வயல் இருக்கிறது என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உள்ளே என்ன

இடப்பக்கம் ஆறடிக்கு இரண்டரை அடியில் கயிற்றுப் பின்னல் கட்டில், அச்சின் மேலே நடுவாக. அதற்கு அடியில் அச்சுக்கு நேராக 20 லிட்டர் தண்ணீர்க் கேன். வலப்பக்கம் நடக்க இடம், ஒரு சின்னப் பெட்டி. இன்னொரு ஆள் படுக்க வேண்டுமானால் நடக்கிற இடத்தில் பாய் விரிக்கலாம். அதுவும் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம்தான். இரு முனையிலும் தட்டி, முன்பக்கம் கதவு. கொசுவலையைக் கூண்டு வில்லில் நிரந்தரமாகக் கட்டிவிட்டோம். 50 வாட் சூரியத் தகடு ஒன்று, சின்ன பேட்டரி, ஒரு விளக்கு, போன் சார்ஜர்.

அடுப்பு மட்டும் உள்ளே வைக்கவே கூடாது. வார்டோவில் இரும்பு அடுப்பும் புகைபோக்கியும் உண்டு, அந்தக் குளிர் நாட்டுக்கு அது சரி. நம் கூண்டு மூங்கிலும் ஓலையும். ஒரு பொறி போதும். முன்பக்கம் ஒரு தார்ப்பாயை இரண்டு கழியில் தூக்கிக் கட்டி, கூண்டிலிருந்து பத்தடி தள்ளிச் சமைக்கிறோம். தானியமும் உள்ளே வைப்பதில்லை. தானியம் இருந்தால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். எந்தப் பாம்புக்குப் பயந்து வண்டி செய்தோமோ, அதைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளக் கூடாது.

மொத்த எடைக் கணக்கு:

அச்சு, சக்கரம், டயர் – 105 கிலோ
ஏர்க்கால், சட்டங்கள், நுகத்தடி – 110
தளப் பலகை – 50
கூண்டு, பாய், தார்ப்பாய், ஓலை – 60
தட்டிகள், கதவு – 25
கட்டில் – 20
சூரியத் தகடு, பேட்டரி – 10
தண்ணீர் – 20
பாத்திரம், படுக்கை, மற்றவை – 35
ஆக மொத்தம் – 435 கிலோ

வயலில் இதற்கு 65 கிலோ விசை போதும். நம் ஜோடியின் 70-க்குள் அடங்குகிறது. வயலுக்குள் ஓட்டுகிறவர் வண்டியில் ஏற மாட்டார். மாட்டோடு நடந்துதான் வருவார்.

நிறுத்தும் முறை

வண்டியை நிறுத்தும்போது வரிசை தவறக் கூடாது. முதலில் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. பிறகு ஏர்க்காலுக்கு முன்பக்க முட்டுக்கால் இரண்டு. அப்புறம் மாட்டை அவிழ்க்க வேண்டும். அதன் பிறகு பின்பக்க முட்டுக்கால் இரண்டு. நாலு காலும் ஊன்றிய பிறகுதான் ஆள் ஏறலாம். ஈர மண்ணில் முட்டுக்காலுக்கு அடியில் ஒரு சதுரப் பலகை வையுங்கள். இல்லாவிட்டால் நடுச்சாமத்தில் வண்டி சாயும்.

காற்றுக் காலத்தில் குறுகிய பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தி, நாலு முனையிலும் முளை அடித்துக் கட்டுகிறோம். தனிப்பனைக்கு அடியில் நிறுத்துவதில்லை. இடி மின்னல் இருந்தால் வண்டியிலேயே படுப்பதில்லை, வீட்டுக்கு வந்துவிடுவோம். தரைக்குத் தொங்கும்படி துணி, கயிறு எதையும் விடுவதில்லை. இறங்குமுன் டார்ச் அடித்துப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும்.

செலவு

பழைய அச்சு, சக்கரம் – 14,000
மரம், பலகை – 12,000
மூங்கில் – 5,000
மூங்கில் பாய், பனையோலை – 6,000
தார்ப்பாய், கயிறு – 3,000
சூரியத் தகடு, பேட்டரி, விளக்கு – 7,000
ஆசாரி கூலி 8 நாள் – 8,000
உதவியாள் 5 நாள் – 3,000
மொத்தம் – 58,000 ரூபாய்

இது 2020 தை மாத விலை. இன்றைக்குக் கூடத்தான் இருக்கும். முதல் வண்டியை என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கிணற்றுத் தோட்டத்தில் நாலு கல்லின் மேல் உட்கார வைத்திருக்கிறேன். விதை வைக்கிற அறை. தகரக் கூரைக்கு மேல் கீற்றுப் போட்ட பிறகு சூடு பரவாயில்லை. 1,42,000 ரூபாயில் விதைப் பெட்டி செய்த ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

ஒரே இடத்தில் நிலம் இருக்கிறவர்களுக்கு இந்த வண்டி தேவையில்லை. நல்ல பரணும் கொசுவலையும் போதும், பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். மாடு இல்லாதவர்கள் டிராக்டரில் இழுக்கலாம் என்று நினைப்பார்கள். டிராக்டருக்கு ஏற்ற இணைப்பும் அச்சும் வேறு, இந்த அளவை அதற்கு எடுக்காதீர்கள். நிலம் இரண்டு மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறவர்கள், குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள், கிடை போடுகிறவர்கள், உழவு மாடு வைத்திருப்பவர்கள் செய்து பார்க்கலாம்.

எங்களுக்கு இதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. முன்பெல்லாம் மாட்டைக் கொட்டிலில் கட்டி, எருவைச் சுமந்து வயலுக்குக் கொண்டுபோவோம். இப்போது கோடையில் வண்டி நிற்கிற வயலிலேயே மாடும் கட்டுகிறோம். சாணமும் மூத்திரமும் அங்கேயே விழுகிறது. பத்து நாளைக்கு ஒருமுறை வண்டியை நகர்த்தி நிறுத்துகிறோம். புலிக்குளம் மாடு பரம்பரையாகவே கிடை மாடுதான். நாம்தான் அதைக் கொட்டிலில் அடைத்து வைத்திருந்தோம்.

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளைஞர், இதைப் படம் எடுத்துக்கொண்டு போய் அப்படியே செய்யட்டுமா என்று கேட்டார். படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் மாட்டை முதலில் எடை போடுங்கள் என்றேன். எடைமேடைக்காரர் மாட்டை ஏற்ற மாட்டார் என்றால், மார்புச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வந்துவிடும். முன்காலுக்குப் பின்னால் உடம்பைச் சுற்றி நாடா வைப்பது சுற்றளவு. தோள் முனையிலிருந்து பின் இடுப்பெலும்பு முனை வரை நீளம்.

சித்தப்பாவுக்கு இப்போது வயது எழுபத்தேழு தாண்டிவிட்டது. காவலுக்குப் போக வேண்டாம் என்றால் கேட்பதில்லை. சாயங்காலம் ஆனால் ஒரு தூக்குவாளிக் கஞ்சியோடு கிளம்பிவிடுவார். அந்த இடப்பக்கத்து மாட்டின் கழுத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது, அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. நுகத்தடி வைக்குமுன் அவர் அதில் ஒருமுறை கையை வைத்துத் தடவிப் பார்ப்பார். அப்புறம்தான் பூட்டுவார். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.